ஊத்தியாச்சு மாமா

எங்கள் குடும்பத்தில் யாரும் என்னை நம்பி விளக்கேற்றச் சொல்வதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, குத்துவிளக்குப் பக்கம் நான் நகர்ந்தால் போதும், யாராவது கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்பதாலா? அதெல்லாம் இல்லை. எல்லாம் ஒரு பிக்கப் வண்டியின் பின் அச்சால் வந்த வினை.

எண்பதுகளின் தொடக்கம். ஐடிஐயில் ஃபிட்டர் படித்து முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. (தேடினால்தானே கிடைக்கும்.) ஆனால் வாய் மட்டும் ஓயாமல் வேலை செய்தது. தெருவில் யார் சைக்கிள் செயின் கழன்றாலும் பக்கத்தில் போய் நின்று பாடம் நடத்துவேன்.

அக்கா புருஷன் கோவிந்தன் மாமா, தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு ஒரு பழைய ஜீப் பிக்கப் வாங்கியிருந்தார். ஊர் ஊராகப் போய் மூட்டை ஏற்றி வந்து டவுனில் இறக்குவதுதான் தொழில். அந்த மாதம்தான் அவருக்கு ஒரு நல்ல காலம் பிறக்கப் பார்த்தது. எண்ணெய் மில் முதலாளி ஒருவர், "திங்கக்கிழமை கீழ்பென்னாத்தூர்ல இருந்து முதல் லோடு மல்லாட்டை எடுத்துட்டு வாங்க. சரியா வந்துட்டா சீசன் முழுக்க உங்க வண்டிதான்" என்று சொல்லியிருந்தார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு லோடை நம்பித்தான் அக்கா வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முதல் கூரை ஓடு மாற்றுவது வரை எல்லாம் காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் பாருங்கள், அதற்கு முந்தைய வாரம் இரண்டு கெட்டது சேர்ந்து வந்தது. மாமாவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்த மோரைக் குடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வண்டியோ, அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு மேட்டில் பின்னுக்கு எடுத்தபோது கல்லில் இடித்துக்கொண்டது. பின் சக்கரங்களுக்கு நடுவில், அச்சில் ஒரு உருண்டை தொங்குமே, அதன் மூடி நசுங்கிவிட்டது. இன்ஜினின் சுற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அந்த உருண்டைக்குள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். நசுங்கிய மூடி வழியாக எண்ணெய் சொட்டிச் சொட்டி வாசலெல்லாம் கறுத்துப்போனது.

"ஒர்க் ஷாப்ல உட்டுரலாம் மச்சான்" என்றார் மாமா, படுத்த வாக்கில்.

"எதுக்கு மாமா? ஒரு கவர், ஒரு பேக்கிங். எனக்கு இது சோத்துல கை வெக்கிற மாதிரி" என்றேன். சோற்றில் கை வைப்பதில் எனக்கிருந்த அனுபவத்தை அக்கா நன்றாக அறிவாள். உலை வைக்க உள்ளே போனாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், வேலை சுத்தம். பழைய மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தேன். உள்ளே துடைத்தேன். அட்டையில் பேக்கிங் வெட்டி, எண்ணெய் கசியாமலிருக்க இரண்டு பக்கமும் ஷெல்லாக் பசை தடவி, புது மூடியை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறைப்படி முறுக்கினேன். ஷெல்லாக் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குடி கெட்டது. புது எண்ணெய் டின்னை யாராவது தட்டிவிடப் போகிறார்களே என்று பத்திரமாக வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, காயட்டும் என்று பீடி பற்றவைத்தேன்.

அப்போது பார்த்து அக்கா கத்தினாள். "டேய் சேகரு, ஏழரைக்கு ராகு காலம் பொறந்துடும்டா! அதுக்குள்ள வண்டி வாசலைத் தாண்டணும். போய் வெளக்குக்கு எண்ணெய் ஊத்து!"

நான் ஓடினேன். வண்டிக்கு முன்னால் கோலம் போட்டு அகல் வைத்திருந்தாள். அதில் நல்லெண்ணெய் ஊற்றினேன். திரி போட்டேன். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். இந்த அமர்க்களத்தில்தான் உள்ளேயிருந்து மாமாவின் தீனமான குரல் வந்தது.

"மச்சான், எண்ணெய் ஊத்திட்டியா?"

இங்கே மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வாயில் ஆயில் என்ற வார்த்தையே வராது. டீசலும் எண்ணெய்தான், கிரீஸும் எண்ணெய்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் என் கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம் இருந்தது.

"ஊத்தியாச்சு மாமா! வழிய வழிய ஊத்திட்டேன்!" என்றேன்.

மாமா நிம்மதியாக எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, ஸ்டியரிங் பிடித்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலாளி முகத்தில் முழிக்க வேண்டுமே என்று அந்த உடம்போடு கிளம்பினார் மனுஷன். ராகு காலத்துக்கு முன்பே வாசலைத் தாண்டிவிட்டோம். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காலி வண்டியாகப் போகும்போதே பின்னாலிருந்து மெல்லிதாக ஒரு ஊளைச் சத்தம்.

"இன்னாடா அழுவுது?"

"புது கவர் மாமா. செட் ஆவணும்ல." (கவர் எங்கே அழும், மூதேவி!)

மாமா நம்பினார். எண்ணெய்தான் ஊற்றியாகிவிட்டதே. கண்ணை மூடிக்கொண்டார்.

கீழ்பென்னாத்தூரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இப்போது ஊளை ஒப்பாரியானது. கருகல் வாசனை வந்தது. வழியில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூரத்தில் மலை தெரிந்ததும், வந்துவிட்டோம் என்று மிதித்தேன். டமார் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இன்ஜின் பாட்டுக்கு ஓடியது, சக்கரம் அசையவில்லை.

மாமா இறங்கிப் போய் அந்த உருண்டையின் மேல் எச்சில் தொட்டு வைத்தார். சுரீர் என்றது. திரும்பி வந்தார். டிரைவர் கதவு திறந்திருந்தது. சீட்டுக்குக் கீழே, என் குதிகாலுக்குப் பின்னால் பார்த்தார். வழி நெடுக நான் சுகமாகக் குதிகாலைச் சாய்த்துக்கொண்டு வந்த டின், சீல்கூட உடைக்காமல் அப்படியே இருந்தது.

"இது இன்னாது?"

"எண்ணெய் மாமா."

"அப்போ எதுல ஊத்தின?"

"வெளக்குல."

அவர் அடித்திருக்கலாம். திட்டியாவது இருக்கலாம். அப்படியே சாலையோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தூறல் வேறு பிடித்துக்கொண்டது. மூட்டைகளை மூட எங்களிடம் அவர் போர்த்தியிருந்த போர்வையைத் தவிர ஒன்றும் இல்லை. அதை எடுத்து மூட்டைமேல் போட்டுவிட்டு அவர் நனைந்தார். நான் வாழ்க்கையில் அவ்வளவு அழுததில்லை.

மாட்டு வண்டி பிடித்து மல்லாட்டை மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி ஈரம். முதலாளி கோபப்படவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க கோவிந்தன். நான் வேற வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றார். எண்ணெய் மில்லுக்கு லோடு ஏற்றிய வண்டி எண்ணெய் இல்லாமல் செத்தது என்று டவுனே சிரித்தது.

கிரவுனை மாற்றக் காசில்லாமல் வண்டி அதோடு எழுந்திருக்கவில்லை. கடைசியில் யாரோ இன்ஜினுக்காக வாங்கிப் போனார்கள். மாமா வேறொருவர் லாரிக்கு டிரைவராகப் போனார். வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். பிள்ளைகள் அப்பாவை ஹாரன் சத்தத்தில்தான் அடையாளம் கண்டு வளர்ந்தார்கள்.

அவர் மட்டும் அதை வேடிக்கையாக்கிவிட்டார். என்னை எங்கே பார்த்தாலும் முதல் கேள்வி, "எண்ணெய் ஊத்திட்டியா மச்சான்?" என் கல்யாண மேடையில் கேட்டார். என் மகள் பெரியவளாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கேட்டார். நான் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டால் ஊரே கேட்கும்.

மாமா போன அன்றைக்கு, என் சரித்திரம் தெரியாத தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்து, தலைமாட்டு விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஊற்றினேன். அழுது அழுது தொண்டை கட்டிப்போன அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எண்ணெய் ஊத்திட்டியாடா?"

"ஊத்திட்டேன்க்கா."

"எதுல?"

பக்கத்தில் இருந்தவர்கள் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தவள், "இன்னாங்க, ஊத்திட்டானாம்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் மார்பில் விழுந்து கதறினாள்.

நான் மறுபடியும் விளக்கைப் பார்த்தேன். எண்ணெய் இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.