குழி காத்த கண்ணாடிக்காரர்

"அதை மூடாதீங்கண்ணே" என்று கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்தபோது, நகராட்சி மேற்பார்வையாளர் பதினேழாவது குழியில் மண்ணைக் கொட்டி, மேலே ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்.

"தலைநகர்லேர்ந்து ரோடு அதிகாரி மூணு மணிக்கு வர்றாரு. விருந்தாளி வர்றப்போ கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க?"

"அந்தக் கிழிசலைக் காட்டத்தானே மனு போட்டு வரச் சொல்லியிருக்கோம்."

நாட்டின் வடபகுதியில் ஒரே ஆற்றுக்கு மூன்று பாலங்கள். மூன்றாவது, இரண்டாவதற்குப் பேச்சுத்துணை. தென்பகுதிக்கு வந்தது ஒரே ஓர் அடிக்கல். அந்தக் கல்லைப் பார்க்கப் போகவும் பாதையில்லை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் ஒரு மைலில், கண்ணாடிக்காரருக்குப் பத்துக் கண்ணாடி புறப்பட்டால் ஏழு கண்ணாடியும் ஒரு மூட்டைச் சில்லும் வந்து சேரும்.

மனைவி கெடு வைத்துவிட்டாள். "இந்தத் தடவையும் ரோடு வரலைன்னா கடையைப் பூட்டிட்டு வடக்கே எங்க அண்ணன் கடைக்கே போயிடலாம். கல்லாவுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

மச்சான் போடும் ஸ்டூலை நினைத்தாலே கண்ணாடிக்காரருக்கு இடுப்பு வலித்தது.

மேற்பார்வையாளரைத் தம் செலவில் சாப்பிட அனுப்பிவிட்டு, தண்ணீர் லாரியைப் பிடித்தார். வெறும் மண்தானே, நனைத்தால் சேறாகிவிடும் என்பது கணக்கு. மண்ணோ தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கச்சிதமாகக் குழிக்குள் படுத்துக்கொண்டது.

அடுத்து செங்கல் சூளைக்காரர் வீட்டுக் கதவு.

"உங்க பார வண்டிங்களை நாலு நடை ஓட்டுங்கண்ணே. பழையபடி குழி விழுந்துடும்."

"சேத்துல சிக்கினா யாரு இழுக்கறது?"

"நான் இழுக்கறேன்."

"நீங்க பேச்சை இழுப்பீங்க, வண்டியை யாரு இழுக்கறது?"

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் தம் சக்கரங்களின் மேல் அவருக்கு உயிர். முன்னெச்சரிக்கையாக வழிநெடுக உடைசெங்கலைக் கொட்டி, அதன்மேல் ஆறு லாரிகளை நாலு நடை விட்டார். மீதி வேலையை வெயில் பார்த்துக்கொண்டது.

இரண்டரை மணிக்குக் கண்ணாடிக்காரர் தாமே கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அது 'டங்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது.

சாப்பிட்டுத் திரும்பிய மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருசமா நான் போட முடியாத ரோட்டை ஒரு சாப்பாட்டு நேரத்துல போட்டுட்டீங்களேண்ணே. கை குடுங்க."

மூன்று மணிக்குக் கார் வழுக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றது. அதிகாரி நல்ல தூக்கம். ஓட்டுநர் இரண்டு முறை இருமி எழுப்ப வேண்டியிருந்தது.

"ஐயா, இது நிஜ ரோடு இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "காலையில பூரா குழி."

"எங்கே?"

"தெரியாம மூடிட்டோங்க."

"நல்லது, நல்லது" என்ற அதிகாரி, கடைக்குள் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். புன்னகையோடு ரோடு ஃபைலைத் திறந்து ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடிவிட்டுக் கைகழுவப் போனார்.

"அவ்வளவுதான், பெட்டியைக் கட்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஸ்டூலுக்கு மெத்தை போடச் சொல்றேன், கவலைப்படாதீங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்தார். காரில் சாய்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த ஓட்டுநர், "ஏன்யா மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரோடு நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்துட்டாரு. இனிமே யாரு எங்களுக்கு ரோடு குடுப்பா?"

ஓட்டுநர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "எட்டு வருசமா உங்க ஊருக்குன்னுதான் கிளம்புறோம், வண்டி குலுங்கின உடனே 'வடக்கே திருப்பு'ம்பாரு, எந்த ஊருக்குப் போய்ச் சேர்றோமோ அந்த ஊருக்கே ரோட்டை எழுதிக் கையெழுத்தும் போட்டுடுவாரு. இன்னிக்குத்தான்யா இங்க வந்து சேர்ந்திருக்கோம்."