திட்டத் தெரியாத வேன்

கர்த்தரின் கிருபையால் ஈரோட்டில் சுகமாயிருக்கும் மச்சான் டேவிட்சன் அவர்களுக்கு, கோயம்புத்தூரிலிருந்து அமிர்தநாதன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை கிருபாவதி சுகம். நானும் போன வாரம் வரை சுகமாகத்தான் இருந்தேன். போனில் சொல்லலாமென்றால் உங்கள் மகன் ஜெப்ரி அடுத்த அறையில் உட்கார்ந்து தான் எடுத்த சினிமாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஆகவே கடிதம்.

இந்தப் படம் தேறுமா என்று கூடவே இருந்து பார்த்துச் சொல்லுங்கள், தேறாதென்றால் ஞாயிற்றுக்கிழமையே வந்து அவனைக் கூட்டிப்போய் நம் பெயிண்ட் கடையில் உட்காரவைக்கிறேன் என்றீர்கள். பார்த்துவிட்டேன். தாராளமாக வாருங்கள்.

கதை என்னவென்றால், முன்பின் தெரியாத இரண்டு பேர் கொடுமுடியிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரே வேனில் வருகிறார்கள். பாதி வழி அடித்துக்கொள்கிறார்கள், மீதி வழியில் பாசமாகிவிடுகிறார்கள். வேன் என்னுடையது. சிடுமூஞ்சி டிரைவரும் நானே; ரிட்டையர் ஆகிச் சும்மா இருப்பதுதான் நடிப்புக்குத் தகுதியாம். என்னோடு சண்டை போட வந்தவர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ராசாத்தாள். முட்டை வாங்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறான் நம் மகா இயக்குநர். "அந்தம்மா மொகத்துலயே கோவம் இருக்குதுங்க மாமா" என்றான். பாவம், அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்.

முதல் காட்சியில் நடுரோட்டில் வேனை நிறுத்தி "எறங்குடி" என்று அவரை நான் விரட்ட வேண்டும். மச்சான், தெருநாயைக்கூட "போங்க" என்று விரட்டிப் பழகிய வாய் இது. கேமரா ஓட ஆரம்பித்ததும் "ஏனுங்க, சித்தே எறங்கிக்கிறீங்ளா" என்றுதான் வந்தது. என் சட்டையைப் பிடிக்க வேண்டிய ராசாத்தாளோ, மூஞ்சி வாடிப்போச்சே என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மரியாதை இல்லாமல் திட்டுங்கள் என்று ஜெப்ரி காலில் விழாத குறையாகக் கெஞ்ச, நான் பல்லைக் கடித்துக்கொண்டு "நாசமாப் போங்க" என்றேன். அதற்கு அவர் "சரிங்க" என்றார். காங்கயம் தாண்டுவதற்குள் என் முழங்கால் வலி அவருக்குத் தெரியும், அவர் மருமகளின் சர்க்கரை எனக்குத் தெரியும். இடைவேளைக்கு அப்புறம் வர வேண்டிய பாசம் டைட்டிலுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துகொண்டது.

பல்லடத்தில் அவர் வீட்டிலேயே எல்லோருக்கும் கோழிக்குழம்புச் சோறு. மறுசோறு வேண்டாமென்று நான் இலையை மறைத்ததுதான் தாமதம், "எங்கூட்டுச் சோறு அத்தனை எளப்பமாப் போச்சுங்ளா?" என்று பிடித்துக்கொண்டார். "வவுத்துல எடமில்லீங்க, தலைமேலயா கொட்டிக்கறது?" என்று நானும் எகிறிவிட்டேன். அப்புறம் பாசக் காட்சி எடுக்க வேண்டிய வழி பூராவும் நான் ரோட்டையும் அவர் ஜன்னலையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தோம். சூலூரில்தான் அவர் முறைத்தபடியே, அதே கோழிக்குழம்புச் சோறு இருந்த தூக்குப்போசியைத் திறந்து நீட்ட, நானும் வேனை ஓரங்கட்டி முறைத்தபடியே வாங்கிச் சாப்பிட்டேன். பின்சீட்டில் ஜெப்ரி வாயே திறக்கவில்லை. பையன் மனசொடிந்துபோய்விட்டான். இதுக்கு மேல அவனைப் போட்டு வதைக்காமல் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

உங்கள் வீட்டில் தங்கச்சிக்கும் சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லவும். உங்கள் பெயிண்ட் வியாபாரம் பலுகிப் பெருகட்டும்.

இப்படிக்கு,
அமிர்தநாதன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெப்ரி கூப்பிட்டுப் படத்தைக் காட்டினான். மனசொடிந்து போகவில்லையாம், அந்தச் சோத்துச் சண்டையிலிருந்து சூலூர் வரைக்கும் கேமராவை நிறுத்தவே இல்லையாம், களவாணி. ராசாத்தாள் போசியை நீட்டின இடத்தில் கிருபாவதி அழுதேவிட்டாள். நானும்தான். மேலே எழுதினது அத்தனையும் தப்பு, பையன் ஜெயித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போகிறேன் என்று இந்த வாசலில் வந்து மட்டும் நில், அப்புறம் நான் மனுஷனாக இருக்கமாட்டேன். போடா டேவிட்சா.