மாமா சொல்லச் சொல்ல நான் அடித்த பின்னூட்டங்கள்

புனைபெயர் வைத்துக்கொள்கிறவனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். ‘வானம் பார்த்தவன்’ என்று பெயர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே என் போட்டோவையும் ஊர்ப் பெயரையும் போட்டுவைத்தவன் நான்.

தமிழில் வலைப்பூக்கள் முளைவிட்ட காலம் அது. பாதிக் கம்ப்யூட்டர்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று எனக்கு ஏகத் தலைக்கனம். எழுதி என்ன, வாசிக்கத்தான் நாதியில்லை. ஒரு பின்னூட்டமாவது விழாதா என்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருப்பேன். (வைத்த பெயர் அப்படி.)

அந்த ஏக்கத்தில்தான் மாமா மேல் கைவைத்தேன். நரிக்குடி மாமா, அம்மாவுக்கு அண்ணன், முறுக்கு மீசை. அவர் மகள் செல்வியைத்தான் எனக்குப் பேசிவைத்திருந்தார்கள். சித்தி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்று கிடா, மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து, பையனை மடியில் வைத்துக் கம்பீரமாக உட்கார்ந்தார் மாமா. ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பேசாமல் இருந்தான். மாமாதான் தேம்பித் தேம்பி அழுதார். ‘காது குத்தியது பையனுக்கு, கண்ணீர் மாமாவுக்கு’ என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் படித்து, மாமாவுக்கே போன் போட்டு முழுசாக வாசித்துக் காட்டிவிட்டார். புண்ணியவான்.

மறுநாள் பிரவுசிங் சென்டர் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மாமாவும் அவர் பங்காளிகளும் இறங்கினார்கள்.

“மாப்ள, அதுக்குப் பதில் போடலாமாம்ல?”

“அழிச்சே புடுறேன் மாமா.”

“அழிச்சு? அதான் உலகம் பூரா படிச்சுட்டாகளே. நான் சொல்றேன், நீ அடி. இல்ல, செல்விக்கு வேற எடம் பாத்துக்கிறேன்.”

செல்வி என்றதும் கை தானாகக் கீபோர்டுக்குப் போய்விட்டது.

“இத எழுதுனவன் கூறுகெட்ட பய. அடிச்சியா? அன்னைக்கு நல்ல காத்து. எனக்குக் கண்ணுல தூசி விழுந்துருச்சு.”

“மழைதண்ணி இல்லாத ஊருல தூசி விழாம என்ன விழும்? அதையும் சேத்துக்க. எம்பேருல தனியா போடு” என்றார் ஒரு பங்காளி. ஆளுக்கொரு பின்னூட்டம். என் சோம்பேறித்தனம், குளிக்காத பழக்கம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் நானே அடித்தேன்.

அப்போது வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தளங்களில், பின்னூட்டம் விழ விழப் பதிவு மேலே ஏறும். மாமா திட்டத் திட்ட நான் உச்சிக்குப் போனேன். வெளியாட்களும் வந்துவிட்டார்கள். ‘தன்னைத் தானே என்னமாய்த் திட்டிக்கொள்கிறார், அருமையான கற்பனை’ என்றார் ஒருவர். அமெரிக்காவிலிருந்து இன்னொருவர், ‘எனக்குக் காது குத்தியபோது என் மாமாவும் இப்படித்தான் அழுதாராம். இப்போது அவர் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

வாசித்துக் காட்டினேன். மாமா மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அந்தத் தம்பிக்கு ஒண்ணு அடி. ஒங்க மாமாவுக்கும் இதே தூசிதான்யா விழுந்திருக்கும்னு.”

அடுத்த வாரம் தனியாகவே பஸ் ஏறி வந்து, “யாரு யாரு என்ன எழுதியிருக்காக?” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உயிர் வந்தது. செல்வியும் எனக்கே கிடைத்தாள். இன்றுவரை “அடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பாள்.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. மடியில் வைத்திருந்தது செல்வியின் தம்பி. அவன் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்ற எனக்குத்தான் பொலபொலவென்று கொட்டிவிட்டது. சட்டை நுனியால் துடைப்பதற்குள் மாமா பார்த்துவிட்டார்.

“செல்வி, போன எடும்மா” என்றார், பந்தலுக்கே கேட்கிற மாதிரி. “நான் சொல்லச் சொல்ல நீ அடி.”