எஸ்தர் அக்காவின் விருந்தாளிகளை நான் மடக்கிய கதை

நகைக்கும் புடவைக்கும் பொறாமைப்பட்டிருந்தால் ஜெபத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கு இருந்தது, அடுத்த வீட்டுக்காரி ஊரார் பசிக்குச் சோறு போடுகிறாளே என்ற பொறாமை. இதை ஆண்டவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அதில் ஒன்றில் ஃபோர்மேன். பள்ளிப்பட்டு, திருவாலங்காடு பக்கமிருந்து வேலைக்கு வந்த பையன்கள் ஒரே அறையில் அடைந்துகிடந்து, பன்னும் டீயுமாகக் காலம் தள்ளுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று அவர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பது எஸ்தர் அக்காவின் வழக்கம். அவள் கைப்பக்குவத்தை அவர்கள் அடுத்த கிறிஸ்துமஸ் வரை புகழ்ந்துகொண்டிருப்பார்கள். ஃபோர்மேன் பெண்டாட்டி நான் இருக்க, ஸ்டோர் கிளார்க் பெண்டாட்டிக்கு இந்தப் பேரா? (வயிறு எரியுமா, எரியாதா?)

அந்த வருஷம் மட்டன் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு வாசலில் காத்து நின்றேன். ஷிப்ட் முடிந்து நாலு பேர் எஸ்தர் வீட்டைப் பார்த்து வந்தார்கள். காக்கிச் சட்டை, முகமெல்லாம் தாடி, காலில் செருப்பு இல்லை. ஐயோ பாவம், சவரம் பண்ணிக்கொள்ளக்கூட வழியில்லை போலிருக்கிறது என்று மனசு உருகிவிட்டது. (பாதி உருக்கம்தான். மீதி, ஆட்கள் சிக்கினார்கள் என்ற சந்தோஷம்.) எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று வழியை மறித்தேன். தயங்கினார்கள். ஃபோர்மேன் பேரைச் சொன்னதும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இலை போட்டுப் பரிமாறினேன். யாரும் கை வைக்கவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று எண்ணி, நல்ல கறித்துண்டாகப் பார்த்து இன்னும் வைத்தேன். ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவர்களில் மூத்தவனான ரத்தினம் மெதுவாக எழுந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். உள்ளே துளசிமணி மாலை.

"தப்பா நெனைச்சிக்காதீங்கக்கா. சபரிமலைக்கு மாலை போட்டுக்கினு கீறோம். கவிச்சி ஆவாது."

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் அந்த மலைக்குப் போனதில்லை. தாடியும் வெறுங்காலும் விரதம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடாம். அந்த வேளையைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

அப்போது எஸ்தர் அக்கா வாசலில் வந்து நின்றாள். உலை கொதிக்கிறது, சாமிகள் வரலாம் என்றாள். புதுப்பானை, பச்சரிசி, பருப்பு எல்லாம் வாங்கி, கொல்லையில் செங்கல் அடுப்பு மூட்டி, அவர்களே சமைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தாள். என் வீட்டுக் கவிச்சி பட்ட தோஷத்துக்கு நாலு பேரும் கிணற்றடியில் மறுபடி தலைமுழுகிவிட்டு, சாயங்காலம்தான் சாப்பிட்டார்கள்.

"இன்னாடி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் அவள், கோபமே இல்லாமல். கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் நாலு பேரும் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு, எஸ்தர் வீட்டைத் தாண்டி வந்து என் கதவைத் தட்டினார்கள்.

"மாலையைக் கழட்டியாச்சுக்கா. அன்னிக்கு உங்க ஊட்ல வச்சீங்களே, அந்த பிரியாணி கெடைக்குமா?" என்றான் ரத்தினம்.

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, வாசனை அடுத்த வீடு வரைக்கும் போகட்டும் என்று ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தேன்.

அன்று தொட்டு எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி தை மாசத்தில்தான். சில வருஷம் கழித்து சண்டே ஸ்கூலில், இயேசு எப்போது பிறந்தார் என்று கேட்டதற்கு என் மகள் எழுந்து, "சாமிங்க மலையிலேர்ந்து எறங்கி வந்ததும்" என்று சொல்லிவிட்டாள். இந்தக் கதையை இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து பாக்கியில்லாமல் எல்லா இடத்திலும் சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் எஸ்தர் அக்காதான். மானம் போனது என்னவோ எனக்கு. ஆனால் கதையை என்னைவிட அவள் நன்றாகச் சொல்கிறாள்.