மூன்று மண்டை ஓடுகளை நான் வீசிய விவரம்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நால்வரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் காலைப் பிரார்த்தனையை முடித்த கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன், உடனே பொய் எழுத மனம் வரவில்லை. உடம்பளவில் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள். உன் மனைவியின் முதுகு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் எல்லோரையும் தினமும் ஆண்டவனிடம் சொல்லித்தான் வைக்கிறேன். உன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சில நாளாகக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. காரணம் கீழே.

போன முறை வந்தபோது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே ஒரு கேம் மிஷின், அடுத்த முறை வரும்போது அதை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு. இந்தக் கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். "சண்டை போடுற கேம் இல்லக்கா, கட்டுற கேம். மூளை வளரும்" என்று சொன்னாய். யாருடைய மூளை வளர்ந்தது என்று தெரியவில்லை, எனக்குத் தலைதான் கனக்கிறது. நீ வாங்கிக் கொடுத்தாயே தவிர விளையாடிப் பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். அந்த உலகத்தில் எல்லாமே சதுரம். சூரியன்கூடச் சதுரம். மரத்தைக் கையால் குத்தினால் கட்டை விழும், கட்டையை அடுக்கினால் வீடு, இருட்டினால் எங்கிருந்தோ பிசாசுகள் வரும். இதைப் பார்த்துப் பார்த்துச் சின்னவன் பல் துலக்கும்போது குளியலறைச் சுவரைத் தட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று என்னைக் கேட்கிறான். பிரார்த்தனையில் கண்ணை மூடுடா என்றால், "மூடினா பின்னாடி ஏதாவது வந்துடும்மா" என்கிறான். வயிற்று வலி என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். "என்னப்பா சாப்பிட்ட?" என்று அவர் கேட்க, இவன் அசையாமல் "காளான்" என்றான். "எங்க இருந்து?" "குகையில இருந்து." "எத்தன?" "முப்பது இருக்கும்." டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது எந்தக் குகை என்று அவருக்குப் புரியவைத்து வெளியே வருவதற்குள் வயிற்று வலி எனக்கு வந்துவிட்டது.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. வரவு செலவில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை, மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் அவரே சொல்வார். அந்தத் தைரியத்தில், துணி மடித்தால் இவ்வளவு நேரம் வரவு, பாடம் முடித்தால் இவ்வளவு வரவு, அதற்குள்தான் விளையாட்டு என்று ஒரு திட்டம் போட்டேன். ஒரே வாரத்தில் பெரியவள் தன் நேரத்தைத் தம்பிக்கு வட்டிக்கு விட ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் அடுத்த பரீட்சை வரைக்கும் அவள் துணியையும் சேர்த்து மடிக்கக் கடன்பட்டு நின்றான். வீட்டுக்குள் வட்டித் தொழில் நடப்பது பாவம் என்று அந்தக் கணக்கையே மூடினேன்.

பிறகு உன் அத்தானிடம் முறையிட்டேன். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருப்பவர், நாள் முழுவதும் பத்துப் பதினைந்து பேரை அதட்டுகிறவர், இரண்டு பிள்ளைகளை அதட்ட மாட்டாரா? சட்டையில் சிமெண்ட் தூசியோடு வந்து டிவி முன்னால் நின்றார். நிறுத்தச் சொல்லத்தான் நின்றார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"லிண்டல் எங்கடா?" என்றார்.

"லிண்டல்னா என்னப்பா?" என்றான் சின்னவன்.

"ஜன்னல் மேல சுவர் நிக்கணும்னா குறுக்க ஒரு தாங்கு வேணாமா? இது எப்படிடா நிக்குது?"

"சும்மா நிக்கும்பா. பாருங்க." கீழ் வரிசைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். கீழே ஒன்றுமே இல்லை, மாடி அந்தரத்தில் நின்றது.

உன் அத்தான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர்தான். அந்த மாடிக்குத் தூண் கொடுக்காமல் தனக்குத் தூக்கம் வராது என்றார். கொடுத்தார். பிறகு படிக்கட்டு சரியில்லை என்றார், கூரையில் தண்ணீர் எங்கே வடியும் என்றார். அங்கே மழைத் தண்ணீர் தேங்காது என்று பெரியவள் சொன்னதற்கு, "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்று பெருமூச்சு விட்டார். இப்படியாக நான் அனுப்பிய போலீஸ் திருடனோடு கூட்டுச் சேர்ந்தது.

இதுவரை எழுதியதை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெரியவளை உனக்குத் தெரியும், பதின்மூன்று வயது. ஒரு வருஷமாக அவளிடமிருந்து எனக்குக் கிடைப்பது "ம்", "தெரியல", "அப்புறம்" என்ற மூன்று சொற்கள்தான். அவளே ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் டிவி முன்னால் உட்கார வைத்தாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பிரார்த்தனை அறை கட்டியிருக்கிறாள்! நான் சமையலறை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துதான் கும்பிடுவேன் அல்லவா, அதேபோல வெளிச்சம் முகத்தில் விழும்படி கண்ணாடி வைத்து, கீழே விரிப்புப் போட்டு, ஓரத்தில் ஒரு பூச்செடி. இந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. நடக்கவும் அவளே சொல்லிக் கொடுத்தாள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் இரண்டு குமிழ், ஒன்று நடக்க, ஒன்று பார்க்க. நடந்தால் வானத்தைப் பார்க்கிறேன், கீழே பார்த்தால் கிணற்றில் கிடக்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கட்டை விரலைத் தன் விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தினமும் சாயந்திரம் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக் கதைகூட ஒன்றிரண்டு விழும். படிப்பு, கணக்கு, தையல் எல்லாம் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டவள். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், என் அறையை ஒருமுறை பார்க்கலாமே என்று மிஷினைப் போட்டேன். அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுவரை ஒட்டி வரிசையாக மரப்பெட்டிகள். திறந்து பார்க்காமல் இருக்க நான் என்ன விருந்தாளியா? திறந்தேன். ஒன்றில் அழுகிய இறைச்சி. ஒன்றில் எலும்புகள். ஒன்றில் சிலந்தியின் கண், தம்பி, சிலந்தியின் கண்! கடைசிப் பெட்டியில் கன்னங்கரேல் என்று மூன்று மண்டை ஓடுகள். பிரார்த்தனை அறைக்குப் பக்கத்தில்! வாசலில் குப்பைக்கென்று சின்னவன் நெருப்புக் குழம்பு ஊற்றி ஒரு குழி வெட்டி வைத்திருந்தான். அத்தனையையும் அள்ளிக் கொண்டுபோய் அதில் போட்டேன். மிச்சப் பெட்டிகளில் மரம் தனி, கல் தனி, விதை தனி என்று என் சமையலறை அலமாரி மாதிரி அடுக்கி வைத்தேன். முடித்துவிட்டு ஆண்டவனுக்கு நன்றி வேறு சொன்னேன்.

சாயந்திரம் பெரியவள் கடைசிப் பெட்டியைத் திறந்தாள்.

"அம்மா, இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"எதுடி?"

"மண்டை ஓடு."

"சுத்தம் பண்ணிட்டேன்."

"சுத்தம்னா?"

"குழியில போட்டேன். சாமி கும்பிடுற இடத்துப் பக்கத்துல யாராவது அதெல்லாம் வெப்பாங்களா? நாத்தமெடுத்த கறி வேற. உங்களுக்குத்தான் செஞ்சேன், ஒரு தேங்க்ஸ் சொல்லக் கூடாதா?"

சின்னவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். பெரியவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விக்கலுக்கு நடுவே சின்னவன்தான் விவரம் சொன்னான். நெருப்பு உலகம் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே கறுப்பு எலும்புக்கூடுகள் திரியுமாம். எத்தனையோ வெட்டினால் ஒன்றிடமிருந்து ஒரு மண்டை ஓடு விழுமாம். "மூணு சேந்தாத்தான் பூதம் வரும். பூதத்த அடிச்சாத்தான் நட்சத்திரம் விழும். நட்சத்திரம் இருந்தாத்தான் பெரிய விளக்கு செய்ய முடியும். உன் ரூம் மேல வெக்கலாம்னு அக்காதான் சொன்னா. வானம் வரைக்கும் வெளிச்சம் போகும். நீ தொலைஞ்சு போனாலும் அதப் பாத்து வீட்டுக்கு வந்துடலாம்."

பூதத்தை நாமே வரவழைத்து, நாமே அடித்து, அதிலிருந்து பிரார்த்தனை அறைக்கு விளக்கேற்றுவது எந்த வேதத்தில் இருக்கிறது என்ற கேள்வி வாய் வரை வந்தது. நல்ல வேளை, கேட்கவில்லை.

பெரியவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்த வீட்டுல என் டிராயர்கூட என்னோடது இல்லம்மா. நீ எப்ப வேணா திறப்ப, அடுக்குவ, தூக்கிப் போடுவ. எனக்குன்னு அங்க ஒரு இடம்தான் இருந்துச்சு." மறுநாள் அந்த வீட்டுக்கு இரும்புக் கதவு வந்துவிட்டது. உள்ளே இருப்பவர்கள் பொத்தானை அமுக்கினால்தான் திறக்குமாம். என் அறை உள்ளே, நான் வெளியே. சாப்பிட வாடி என்றால் "ம்." தலை பின்னட்டுமா என்றால் "அப்புறம்." உன் அத்தானிடம் போய், "நீங்க யார் பக்கம்?" என்று கேட்டேன். "நான் பில்டிங் பக்கம்" என்றார்.

என்ன செய்வேன் சொல்? போட்டவள் நான், எடுத்துக் கொடுக்க வேண்டியவளும் நான். வீட்டு வேலையை ஓரளவு ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தினமும் நெருப்பு உலகத்துக்குப் போகிறேன். எறும்பைக்கூட ஊதி ஒதுக்குகிறவள் நான். "ஆண்டவனே, இது ஏற்கெனவே செத்தது" என்று சொல்லிச் சொல்லித்தான் வெட்டுகிறேன். அவை அப்படிச் சொல்லாமலே என்னை வெட்டுகின்றன. செத்தால் கையிலிருந்ததெல்லாம் அங்கேயே போய்விடும், வெறுங்கையோடு படுக்கையில் எழுந்திருக்க வேண்டும். அந்தப் படுக்கையும் வீட்டுக்குள் இல்லை, கதவுதான் பூட்டியிருக்கிறதே. கோழிக் கூண்டை ஒட்டிப் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரு குடும்பத்தை நடத்தியவள், கோழிகளோடு படுத்து எழுந்திருக்கிறேன். உன் அத்தான் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வேலை நடக்கும் இடத்திலிருந்து போனில் வழி சொல்வார். கலவை மிஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். "கீழ பாக்காத! கால நகத்தாத! அப்படியே நில்லு!" என்று ஒருநாள் அவர் கத்த, சாரத்தில் நின்ற கொத்தனார் தன்னைத்தான் சொல்கிறார் என்று கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். அவரை இறக்க இன்னொரு ஆள் ஏற வேண்டியிருந்ததாம். நான் அதற்குள் நெருப்பில் விழுந்திருந்தேன்.

நேற்று ஒரு மண்டை ஓடு விழுந்தது. அதைக் கொண்டுவந்து, அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் ஒரு பெட்டி செய்து, அதில் வைத்துவிட்டு வந்தேன். நேற்றுச் சாயந்திரம் முழுக்கப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததால் டிவி பக்கம் போகவில்லை. பார்த்தாலும் என்ன, மூன்றுக்கு ஒன்று எந்தக் கணக்கில் சேரும்? கட்டை விரல் வீங்கியிருக்கிறது. பால் இரண்டு தரம் பொங்கி வழிந்துவிட்டது. துவைத்த துணி வாளியிலேயே கிடந்து வாடை அடிக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது தம்பி. இந்த அலுப்பை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று புரியாமல் உன் பேரில் பற்று எழுதியிருக்கிறேன். அதனால் யோசிக்காமல் வந்து அந்த மிஷினை எடுத்துக்கொண்டு போ. பிள்ளைகள் நாலு நாள் அழுவார்கள், பிறகு சரியாகிவிடும். அவள் என்னோடு பேசமாட்டாள், இப்போது மட்டும் என்ன பேசுகிறாள்?

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தையின் உச்சியில் கை வைத்து நான் ஆசி சொன்னதாகச் சொல். உங்கள் வீட்டு வாசலில் நல்லது மட்டும் நுழையட்டும், கெட்டது வழி தவறிப் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டி வைத்திருந்தேன், தபாலில் போடுவதற்குள் சாயந்திரமாகிவிட்டது. பிரித்து இதை எழுதுகிறேன். மிஷினை எடுக்க வராதே. சும்மா வா, வரும்போது இன்னும் இரண்டு கன்ட்ரோலர் வாங்கி வா. பெரியவள் பெட்டியைப் பார்த்துவிட்டாள். சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா" என்றாள்.

"என்னடி?"

"கேடயம் இல்லாமயா அங்க போன?"

"கேடயம்னு ஒண்ணு இருக்கா?"

"தலைக்கு?"

"அப்பா ஒண்ணும் சொல்லலையே."

"அந்த இடத்துக்கு யாராவது மரவாளத் தூக்கிக்கிட்டு போவாங்களாம்மா? அறிவு வேணாம்? எத்தன தடவ செத்த?"

"கணக்கு வெக்கல" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததைக் கேட்டு உன் அத்தான் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

இரும்புக் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். சனிக்கிழமை மிச்சம் இரண்டுக்கும் நாலு பேருமாகப் போகிறோம். நெருப்பாற்றின் குறுக்கே உன் அத்தான் முதலில் கைப்பிடிச் சுவரோடு ஒரு பாலம் கட்டுவாராம், கட்டாமல் யாரையும் விட மாட்டாராம். "நீ என் பின்னாடியே வாம்மா. நான் நில்லுன்னா நிக்கணும். வழியில எது கிடந்தாலும் எடுத்து ஒழுங்கு பண்ணக் கூடாது" என்று பெரியவள் சொல்லியிருக்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு போன் செய்யாதே, வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.