மெஷினுக்குப் பொட்டு வைத்த பெரட்டு அண்ணே

பெரட்டு அண்ணேயைவிடச் சத்தமாகப் பெயர் கூப்பிடக்கூடிய ஆள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஈப்போவில் எங்கள் மருந்துக் கிடங்கு வாசலில் நின்று அவர் "மாரீ!" என்றால், கோலா கங்சாரில் யாராவது ஒரு மாரி திரும்பிப் பார்த்திருப்பார். எங்கள் மாரி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

அவர் எங்கள் வாசல் காவலாளி. சுங்காய் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. அண்ணே மட்டும் பெரட்டை விடவில்லை. தினமும் காலையில் எங்களை நிறுத்தி வைத்துக் கூப்பிடுவார். பதில் சொல்லாதவருக்குக் கதவு திறக்காது. ஒருநாள் போனில் பேசிக்கொண்டே நுழையப் பார்த்த எங்கள் முதலாளி, "பாஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் "பிரசண்ட்" என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட வாசலுக்குத்தான் மெஷின் வந்தது. யாரோ ஒருவர் இன்னொருவர் கார்டைக் காட்டி, தடுப்பூசி வைக்கும் குளிர் அறைக்குள் போய்விட்டார் என்று ஒரு பிரச்சினை. உடனே பாஸ் உள்ளங்கையைப் பார்த்துக் கதவு திறக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். "ஒரு மாசம் ஓடட்டும். ஒழுங்கா ஓடினா வாசலுக்கு ஆள் தேவையில்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணே பக்கத்தில்தான் நின்றார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மெஷினுக்கு எதிரியாகியிருப்பார்கள். இவர் அதோடு சிநேகிதமானார்.

மாட்ட வந்த டெக்னீஷியன் கோலாலம்பூர்க்காரர். அவரை அண்ணே விடவே இல்லை.

"ரேகையப் பார்க்குதா தம்பி?"

"ரேகை இல்லண்ணே. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அடிக்கும். தோலுக்குக் கீழ ரத்தக் குழாய் ஓடுதுல்ல, அதுல இருக்கிற ரத்தம் அந்த வெளிச்சத்த உறிஞ்சிரும். அந்த எடம் மட்டும் கறுப்புக் கோடாத் தெரியும். அந்தக் கோட்டு வடிவத்த நம்பரா மாத்தி வச்சிக்கும். ஒருத்தருக்கு இருக்கிற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது."

"ரெட்டப் பிள்ளைங்களுக்கு?"

"அவங்களுக்கும் வேற வேறதான்லா."

"செத்தவன் கையக் காட்டினா?"

டெக்னீஷியன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "உள்ள ரத்தம் ஓடணும்ணே. உயிரோட இருந்தாத்தான் தொறக்கும்."

அண்ணே உருகிப் போனார். "பாத்தியாலா மாரி! உசுரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுது. நம்ம பாஸ்கூட ஒருநாளும் அப்பிடி நம்மளப் பாத்ததில்ல!"

அன்றிலிருந்து மெஷினுக்கு அவர்தான் தாய் தகப்பன். குளிர் அறையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் கையை அது சில நேரம் படிக்காது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிவிடும் என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணே கேண்டீனில் சுடச்சுடப் பால் விடாத தே-ஓ வாங்கி வைத்துக்கொண்டு கதவருகே நிற்பார். யாராவது ஆசையாக வாயருகே கொண்டுபோனால், "குடிக்காதலா, புடி! கை சூடாகட்டும்!" என்று அதட்டுவார். ஈப்போவில் இவ்வளவு தேத்தண்ணியைக் குடிக்காமலே ஆற வைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"அண்ணே, அது நல்லா ஓடினா ஒங்களுக்குத்தான் வேல போவும்" என்று நான் நேராகவே சொன்னேன். "அதுக்கு என்னா தெரியும்? புதுசா வேலைக்கு வந்திருக்கு" என்றார். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாதம் முடியப் போகும் நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. லாரி, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். மெஷினுக்கு வைத்தவர் அண்ணே. புதுசு என்பதால் கொஞ்சம் தாராளமாக, அதன் கறுப்புக் கண்ணாடிக்கு நட்ட நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தார். சாயங்காலம் கூட்ட வந்த அக்கா அதைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். குங்குமம் போய்விட்டது. சந்தனம் மெலிதாகப் பரவிக் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் மெஷினுக்கு ஒருவரையும் தெரியவில்லை. பாஸ் கை, என் கை, மாரி கை, எதை வைத்தாலும் சிவப்பு விளக்கு. சித்தியவானுக்கு மருந்து ஏற்ற வேண்டிய லாரி வெளியே உறுமிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் போனில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். பாஸுக்குப் பொறுமை போய்விட்டது. "கழட்டித் திருப்பி அனுப்பு! பழையபடி ஆளே நிக்கட்டும்!"

நேற்று வைத்த பொட்டுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணேயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை தங்கிவிடும். அவருக்கும் அது புரிந்தது. என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார். பிறகு பாஸிடம் போய், "மெசின் தா சாலா பாஸ். சாயா சாலா" என்று மலாயில் சொன்னார். தப்பு மெஷின் மேல் இல்லை, தன் மேல்தான் என்று.

கைக்குட்டையை நனைத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். தன் உள்ளங்கையை மேலே காட்டினார். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. லாரி கிளம்பியது. மாதக் கடைசியில் அண்ணே வேலையும் கிளம்பியது.

"ஏண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாவம்லா. செய்யாத தப்புக்கு வீட்டுக்கு அனுப்பப் பாக்குறாங்க. அதால வாயத் தொறந்து பேச முடியுமா?"

இப்போது மகளோடு கோலா கங்சாரில் இருக்கிறார். வாசல் அமைதியாக இருக்கிறது, காதுக்கு நல்லதுதான். வேலையை விட்டுப் போனவரின் கையை மெஷினிலிருந்து உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிக்கும் பொறுப்பு என்னுடையது. மற்றவர்கள் கையையெல்லாம் அன்றன்றே அழித்துவிடுவேன். அண்ணே கையை மட்டும் இன்னும் தொடவில்லை. என்றாவது இந்தப் பக்கம் வந்து அவர் கையைக் காட்டினால், யார் நீ என்று அது கேட்டுவிடக் கூடாது.