பிக்கப்பில் சிக்கிக்கொண்ட தாடிக்காரர்கள்

மரியாதைக்குரிய டெஸ்மண்ட் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பெர்னடெட் எழுதுவது. நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். நாங்கள் நலம், ஆடுகளும் நலம், மழைதான் இல்லை. அடிலெய்டில் நீங்கள் நிச்சயம் நலமாக இருப்பீர்கள். உங்கள் கேசட்தான் இங்கே இருக்கிறதே.

பழைய பிக்கப் வண்டியை எங்களுக்குக் கொடுத்தபோது அதன் டேப் ரெக்கார்டருக்குள் ஒரு ராக் ஆல்பம் கேசட் சிக்கியிருப்பதை நீங்கள் சொல்லவில்லை. அது வெளியே வராது, அது இருக்கும்வரை ரேடியோ வேலை செய்யாது, சத்தத்தைக் குறைக்கும் திருகும் அப்பா கையோடு வந்துவிட்டது, ஒரு பக்கம் முடிந்தால் தானே பின்னால் சுற்றிக்கொண்டு அதே பக்கத்தை மறுபடி ஆரம்பிக்கிறது. குளிர்காலம் முழுக்க, பள்ளிப் பேருந்து நிற்கும் சாலைவரை இதே கதிதான். வண்டியில் கிடந்த கேசட் அட்டையில் ஐந்து தாடிக்காரர்கள். பாடுகிறவர் கம்பளி கத்தரிக்கப் பிடித்த கிடா மாதிரி அலறுகிறார். டிரம்ஸ்காரர் தகரக் கொட்டகையைப் பிரிக்கிறார். மூன்றாவது பாட்டு முழுக்க “போறேன், போறேன்” என்கிறார்கள். யாரும் போவதாக இல்லை.

ஆரம்பத்தில், வழியில் வேலிக் கதவு வந்ததும் வண்டி நிற்குமுன்பே குதித்துவிடுவேன். திறந்து மூடும் நேரமாவது காதுக்கு ஓய்வு. இப்போது அப்பா கத்துகிறார்: “ஏய், கதவு தானா திறக்குமா? இறங்குடி!”

“இருங்கப்பா, மாமாவுக்குக் குறை எழுதணும்னா முழுசாக் கேக்கணும்ல?”

அப்படிக் கேட்டதில்தான் தெரிந்தது: அந்த மூன்றாவது பாட்டின் கடைசியில், டிரம்ஸ் ஓய்ந்தபின், ஒருவர் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கிட்டார் வாசிக்கிறார். பல வாரம் அது என் காதில் விழவே இல்லை. இதையும் குற்றமாகவே எழுதுகிறேன். இப்படிப்பட்டவரை அவ்வளவு கூச்சலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது யார்?

அடுத்த வாரம் சனிக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். வீட்டு ரேடியோ செத்துப்போய் நாளாகிறது. “அன்னிக்குக் காலையில இடுக்கியப் போட்டு இழுத்துடுவேன். நாடா அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். உன் தம்பிக்காக நான் மேட்ச்ச விடணுமா?” என்றார் அப்பா.

“என் தம்பிய ஏன் இழுக்கறீங்க? கேசட்ட இழுங்க” என்றார் அம்மா.

ஆகவே அதற்குள் நீங்களே வந்து இந்த அவமானத்தை அப்புறப்படுத்த வேண்டும். அத்தைக்கு என் அன்பு. உங்கள் நாய்க்கு ஒரு தட்டிக்கொடுப்பு.

இப்படிக்கு,
பெர்னடெட்

பி.கு.: இடுக்கி அம்மாவின் மாவு டின்னுக்குள் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. நாடா அறுந்துபோகாமல் எடுக்க உங்களுக்கு வருமா? எடுத்தால் கொண்டுபோய்விடாதீர்கள், திருப்பிப் போடுங்கள். அடுத்த பக்கத்தை நான் கேட்டதே இல்லை. அதிலும் அந்தக் கிட்டார்க்காரர் இருக்கிறாரா என்று மட்டும் உடனே

பெர்னடெட் அந்த வரியை முடிப்பதற்குள் அவள் அப்பா ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். விளக்குகள் அணைந்துவிட்டன.